விசேஷ வீட்டுக்குப் போன ஆமை

எங்கள் கைவேலை சென்டரில் இப்போது வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் எல்லோரும் கொரிய நாடகம் பார்க்கிறவர்கள். ஓய்வு பெற்ற பிறகும் எப்போதாவது நான் அந்தப் பக்கம் போனால் வேலையைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றுகொள்கிறார்கள். "ரெஜினாம்மா, உங்களுக்கு நெசமாவே ஒரு கொரியாக்காரங்களா வேலை சொல்லிக் குடுத்தாங்க?" என்பார்கள். அவர்களும் நம்மைப்போல அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாமே என்பது அடுத்த கேள்வி. ஆமாம், கூப்பிடுவார்கள். அதற்குமேல் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகளின் முகம் தொங்கிப்போய்விடும்.

போன தடவை போனபோது சுவரில் ஒரு அட்டை மாட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் அழகாக அச்சடித்தது. புலி என்றால் தீமை விலகும், மீன் என்றால் பரீட்சையில் ஜெயம், மாதுளை என்றால் பிள்ளைச் செல்வம், ஆமை என்றால் தீர்க்காயுசு. படம் வாங்க வருகிறவர்களுக்குப் புரியட்டும் என்று போட்டார்களாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாத்திரை அட்டையில் தலைவலிக்கு இது, வயிற்றுவலிக்கு இது என்று எழுதின மாதிரி இருந்தது. படத்தின் அர்த்தத்தில் பாதிதான் படத்தில் இருக்கிறது. மீதி அதை மாட்டுகிற வீட்டில் இருக்கிறது. இதை வாயால் சொன்னால், கிழவி தத்துவம் பேசுகிறாள் என்று சிரிப்பார்கள். அதனால் அந்த ஆமை விஷயத்தில் நடந்ததை மட்டும் எழுதிவைக்கிறேன்.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர். நான் மடத்துப் பள்ளியில் படித்து முடித்ததும் மடத்தை ஒட்டியிருந்த இந்தச் சென்டரிலேயே சேர்த்துவிட்டார்கள். தலையணை உறையில் பூத்தையல் போடுவோம், கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரைவோம். எழுபதுகளின் கடைசியில் சிஸ்டர் அகதா வந்தார். கொரியாவில் பிறந்தவர். இரண்டு பெட்டி நிறையக் காகிதச் சுருளும் கலர்ப் பொடியும் கொண்டுவந்தார். அவர்கள் நாட்டில் சாதாரண ஜனங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுகிற படங்களை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அரண்மனைப் படம் இல்லை, கோயில் படமும் இல்லை. கல்யாணத்துக்கு ஜோடி வாத்து, வருஷப் பிறப்புக்குப் புலி, படிக்கிற பையன் இருக்கிற வீட்டுக்குத் துள்ளுகிற மீன். பொங்கலுக்குக் கோலம் போடுகிற மாதிரி, விசேஷத்துக்கு ஒரு படம்.

தமிழை அவர் எங்களிடமே கற்றுக்கொண்டார். அதனால் மரியாதை தாராளமாக இருக்கும். சமையலறைப் பூனையைக்கூட "ஏனுங்க, தள்ளிப் போங்க" என்றுதான் விரட்டுவார். ஆனால் வேலையில் அந்தக் குழைவு கிடையாது. நன்றாக வரைந்தால் பாராட்டமாட்டார், கெடுத்தால் திட்டமாட்டார். கோடு பிசகியிருந்தால் ஒரு புதுத்தாளை எடுத்துவந்து, வரைந்ததன் மேலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். திட்டு வாங்கினால் பதிலுக்கு முனகவாவது செய்யலாம். வெள்ளைத்தாளை முறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு ஓவியக் கை வரவில்லை என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. காகிதம் பதப்படுத்தும் வேலையும் படத்துக்குப் பின்தாள் ஒட்டும் வேலையும் என்னிடம் வந்தன. கடைசிவரை அதுவே என் வேலை. தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்துகிற வச்சிரப் பசையை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மறுநாள் அந்தப் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். நேரே அடுப்பில் ஏற்றினால் கொதித்துச் செத்துப்போகும், பிறகு எதையும் பிடிக்காது. கரைந்து ஆறியதும் படிகாரத் தண்ணீர் சேர்த்துக் காகிதத்தில் அகலப் பிரஷ்ஷால் ஒரே போக்காக இழுக்க வேண்டும். இது இல்லாவிட்டால் கலர் காகிதத்தில் ஊறிப் பரவிவிடும். படிகாரம் கூடினாலோ கலர் நிற்காமல் வழுக்கும், நாளாக ஆகக் காகிதமும் அப்பளமாக நொறுங்கும். காய்ந்த தாளை சிஸ்டர் நுனிநாக்கால் தொட்டுப் பார்ப்பார். ஈரம் உறிஞ்சினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். மழைக்காலத்தில் வச்சிரம் ஒரே நாளில் நாறிவிடும். என் சேலையில் அந்த வாடை இல்லாத நாள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

மற்றவர்கள் ஓவியப் பக்கம். கோடு போட்ட மூலத்தாளைக் கீழே வைத்து மேல்தாளில் மையால் பார்த்து வரைவார்கள். பிறகு கலர். ஒரே கையில் இரண்டு பிரஷ் பிடிக்க வேண்டும், ஒன்றில் கலர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கலரை வைத்த கையோடு தண்ணீர்ப் பிரஷ்ஷால் அதை இழுத்துக் கரைத்தால் பூவிதழ் நடுவில் அடர்ந்து ஓரத்தில் வெளுக்கும். கொஞ்சம் தாமதித்தால் கறையாகிவிடும். எங்கள் பெண்கள் வரைந்த பெரிய பூவெல்லாம் முதல் வருஷம் ஏற்காட்டு டாலியா மாதிரியே இருந்தது. புலி இன்னும் மோசம். அந்த நாட்டுப் புலிக்கு முழி பிதுங்கி, கொஞ்சம் அசட்டுக் களை இருக்கும். மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவை அதைக் கேலி செய்யும். வாட்ச்மேன் முனியப்பன் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதையா பேய் பிசாசு பயந்து ஓடும்? எங்கூட்டுக் கோழிகூட நவுறாதுங்களே" என்றான்.

மீன் படம் நன்றாக விற்றது. பிள்ளைகளை ஏற்காட்டுப் பள்ளி விடுதிகளில் விட வருகிற பெற்றோர் வாங்கிப்போவார்கள். ஒரு தகப்பனார் அடுத்த வருஷம் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார், பையன் கணக்கில் பெயிலாம். சிஸ்டர் படத்தை விரித்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "மீனு தாவிட்டுத்தானுங்க இருக்குது. பையன் தாவலீங்களா?" என்று கேட்டார். அந்த மனிதர் சிரித்துவிட்டுப் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது வள்ளி. அவள் ஊர் மாரமங்கலம். அப்பா அண்ணாமலைக்குச் சொந்த நிலம், சாமையும் கொஞ்சம் காபியும் மிளகும். மலையில் காலங்காலமாக இருக்கிற குடும்பம். வள்ளி எஸ்டேட் லாரி ஓட்டுகிற சேவியரைக் கட்டிக்கொண்டு வெள்ளக்கடைக்கு வந்துவிட்டாள். வேற்று ஜாதி, வேற்று மதம் வேறு. அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. இனி இந்த வீட்டு வாசல்படி ஏறாதே என்று ஒருமுறை சொன்னார், அத்தோடு சரி. சந்தையில் எதிரே வந்தாலும் பார்க்காத மாதிரி போவார் என்று வள்ளியே சொல்வாள். சென்டரில் இரண்டு பிரஷ் வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை. சிஸ்டர் வெள்ளைத்தாள் வைக்காத ஒரே ஆள் அவள்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசியில் அண்ணாமலைக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. மலையில் அதெல்லாம் அவ்வளவு பழக்கமில்லை. சேலத்தில் வேலையில் இருந்த மூத்த மகன் பிடிவாதமாக ஏற்பாடு செய்தான். வள்ளிக்கு அழைப்பு இல்லை. அம்மா மட்டும் யாரிடமோ நாளைச் சொல்லியனுப்பியிருந்தாள். அன்றைக்கு வள்ளி வேலை செய்துகொண்டே அழுதாள். கண்ணீர் பட்டால் தாள் கெடும் என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அழுதாள்.

சிஸ்டர் அகதா மைக்கட்டியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தாமலே விசாரித்தார். எங்கள் அறுபது வருஷக் கணக்கைச் சொன்னேன், அறுபது பெயரும் முடிந்து பிறந்த வருஷமே திரும்பி வரும் என்று. "எங்கூர்லயும் அறுபதுங்க. அதே கணக்குங்க. புள்ளைங்க எல்லாம் வந்து கும்புடோணும்" என்றார். மைக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எங்கப்பா அம்மா சண்டையில வடக்க நின்னுட்டாங்க. நான் தெக்க வந்துட்டேன். அவிங்களுக்கு அறுபது ஆச்சுங்களா, அதுக்கு முன்னாடியே போய்ட்டாங்களா, எனக்குத் தெரியாதுங்க" என்றார். ஒரு புதுத்தாளை எடுத்து வள்ளி முன்னால் விரித்தார். "உங்கப்பா பஸ் போற ஊர்லதானுங்க இருக்காரு. அவருக்கு ஒரு படம் எழுதுங்க."

அறுபதாம் ஆண்டுக்கு அவர்கள் கொடுக்கிற படம் பத்து ஆயுள் படம். சூரியன், மேகம், மலை, பாறை, தண்ணீர், பைன் மரம், கொக்கு, மான், சிவப்புக் காளான், ஆமை. பத்தும் சாகாதவை, அல்லது லேசில் சாகாதவை. பத்தும் ஒரே இடத்தில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு காட்டில் சேர்ந்திருக்கும். வள்ளி கதவு அகலத்துக்கு வரைந்தாள். மலைக்கு மட்டும் மூலத்தாளைப் பார்க்காமல் எங்கள் சேர்வராயன் மலையின் தட்டையான உச்சியைப் போட்டாள். சிஸ்டர் பார்த்தார், வெள்ளைத்தாள் வரவில்லை. நான் பின்தாள் ஒட்டி, பலகையில் இழுத்து நிறுத்திக் காயவைத்தேன். விசேஷத்துக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. அப்போதுதான் முனியப்பன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க ரெஜினாக்கா, விசேஷ ஊட்டுக்கு ஆமையவா அனுப்பறீங்க?"

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பது தெரியாத தமிழன் உண்டா? கோர்ட்டிலிருந்து ஜப்திக்கு வருகிற அமீனாவுக்குச் சமமாக வைத்த பிராணி அது. ஆனால் நாங்கள் வருஷக்கணக்காக ஆமை வரைந்தவர்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் வாங்கிப்போகிற படத்தில் அதுவும் ஒன்று, ஓட்டுக்குப் பச்சை, கழுத்துக்கு மஞ்சள், அவ்வளவுதான். அது நம் ஊர் ஆமையும்தான் என்பது ஒருத்திக்கும் உறைக்கவில்லை. வள்ளி முகம் வெளுத்துவிட்டது. "எங்கப்பா என்னன்னு நெனைப்பாரு? ஊட்டை உட்டுத் தொரத்துனதுக்கு ஆமையக் குடுத்தனுப்பிச்சுட்டா, குடும்பம் வெளங்காமப் போவட்டும்னு நெனைச்சுட்டான்னு தானே நெனைப்பாரு?"

வேறு படம் வரைய நேரமில்லை. ஆமையை அழிக்கலாம் என்றால் கலர் காகிதத்தைப் பிடித்துவிட்டது, தேய்த்தால் ஓட்டையாகும். ஆமைமேல் ஒரு பாறையை எழுதி மறைத்துவிடலாம் என்றாள் வள்ளி. சிஸ்டர் கூடாது என்று தலையசைத்தார். "கலருக்கு மேல கலரு இந்த மலையில நிக்காதுங்க. கீழ இருக்கறது பேப்பரைப் புடிச்சுக்கும். மேல இருக்கறது எதைங்க புடிக்கும்? மழை வந்தா உரியும்." அதோடு, ஆமை போனால் ஒன்பதுதான் மிஞ்சும், ஒன்பதை அறுபதுக்குக் கொடுக்கக்கூடாது என்றார். வள்ளி முதல்முறையாக அவரிடம் குரல் உயர்த்தினாள். "உங்கூர்ல ஒம்பது கொறச்சலுங்க. எங்கூர்ல பத்தாவதுதானுங்க கேடு. எங்கப்பாவ எனக்குத் தெரியும்."

சிஸ்டர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் படிகாரம் கலந்த வச்சிரம் கேட்டார். கொடுத்தேன். சின்னப் பிரஷ்ஷால் ஆமையின் மேல் மட்டும், தலை, கால், ஓடு எதிலும் ஓரம் தாண்டாமல், தன் கையாலேயே ஒரு பூச்சு பூசினார். அது காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "இப்ப எழுதுங்க. ஆமை பாறைக்கு அடியில இருக்குதுங்க. அப்பப் பத்துதான்" என்றார். வள்ளி வெள்ளை பூசி, அதன்மேல் பச்சையும் நீலமுமாக ஒரு பாறையை எழுதினாள். தண்ணீர் ஓரத்தில் அந்தப் பாறை பிறந்ததிலிருந்தே கிடப்பது போலத்தான் இருந்தது.

அந்தப் பூச்சு ஆமையைக் காப்பாற்றும். ஆனால் அதன்மேல் போடுகிற கலர் இன்னும் லேசாகத்தான் ஒட்டும். காகிதத்தை நாக்கால் தொட்டுப் பார்க்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. நான் கேட்கவில்லை.

நானும் சிஸ்டரும் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாரமங்கலம் பஸ் ஏறினோம். பந்தலில் மூத்த மகன் வாங்கிப் பார்த்து, யார் என்ன என்று கேட்காமலே மணவறைக்குப் பின்னால் மாட்டினான். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த அண்ணாமலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சேர்வராயன் மலை அவருக்குத் தெரியாமல் இருக்காது. எங்களைப் பார்த்து, "வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். மகள் பேரை எடுக்கவில்லை. வள்ளியின் அம்மா மட்டும் பந்திக்குப் பக்கத்தில் வந்து, "நல்லா இருக்கறாளுங்களா?" என்று கேட்டாள். "நல்லா இருக்குறா" என்றேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்ததும் வள்ளி ஓடிவந்தாள். "அப்பா பாத்தாருங்களா?"

"பார்த்தார்."

"என்ன சொன்னாரு?"

"சாப்பிடச் சொன்னார்."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்த் தன் பலகை முன்னால் உட்கார்ந்துகொண்டாள். படம் உள்ளே போய்விட்டது, எழுதினவள் வெளியேதான் இருக்கிறாள் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வருஷம் ஆடியிலிருந்தே மழை. ஐப்பசியில் மூடுபனியும் சேர்ந்துகொண்டது. சென்டர் சுவரெல்லாம் பூஞ்சை, நான் கரைத்த பசை ஒருவேளைகூடத் தாங்கவில்லை. கார்த்திகை பிறந்த சமயம், ஒரு மத்தியானம், அண்ணாமலை வாசலில் வந்து நின்றார். வேட்டி முழங்கால்வரை சேறு. தோளில் உரச்சாக்கில் சுற்றின ஒரு நீளமான பொருள். சாக்கைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வள்ளி எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

அவர் யாரையும் பார்க்காமல் மேஜையில் படத்தை விரித்தார். பாறை பாதிக்குமேல் உரிந்துபோயிருந்தது. நடுவில் ஆமையின் தலையும் ஓட்டின் ஒரு பக்கமும் புத்தம்புதிதாகத் தெரிந்தன. கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னங்கம்மா?" என்று சிஸ்டரைக் கேட்டார்.

"ஆமைங்க."

"எப்ப வந்துச்சுங்க?"

"மொதல்ல இருந்தே இருக்குதுங்க. எங்கூர்ல அது நூறு வருசம் இருக்கோணும்னு சொல்லிக் குடுக்கறதுங்க."

"அப்பறம் ஏன் மூடுனீங்க?"

சுவரோரத்திலிருந்து வள்ளி சொன்னாள். "நான்தாம்ப்பா மூடுனேன். நீங்க தப்பா நெனைச்சுக்குவீங்கன்னு."

சாக்கிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணாமலை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஐப்பசி மொதக்கொண்டு இது எட்டிப் பாத்துட்டுத்தான் இருக்குது. உங்கொம்மா பயந்து அழுதா. உங்கண்ணன் கழட்டிக் கெணத்துல போடச் சொன்னான். நான் உடமாட்டேன்னுட்டேன். எம்புள்ள எழுதுனது, இருந்துட்டுப் போவட்டும்னு சொல்லிப்போட்டேன்." தலையைக் குனிந்துகொண்டார். "தெனமும் அதுக்கு எதுத்தாப்புலதான் சோறு திங்கறேன். நேத்துத் தட்டை வெச்சுட்டு ஒக்காந்தேன், எறங்கலை. ஆமைய ஊட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு எம்புள்ளைய வெளிய நிறுத்தியிருக்கறேன். இது என்ன நாயம்?"

நான் அழுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பசைப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

"இந்தப் பாறைய எடுத்துப்போடு கண்ணு," என்றார் அவர். "எடுத்துட்டு நீயே வந்து மாட்டு. உன்ற ஊட்டுக்காரரையும் வரச்சொல்லு."

வள்ளி தண்ணீர்ப் பிரஷ்ஷை நனைத்து எடுத்தாள். மிச்சமிருந்த பச்சையை ஓரத்திலிருந்து தொட்டுத் தொட்டுத் துடைத்தாள். ஒரு கால் தெரிந்தது, அப்புறம் ஓட்டின் மறுபக்கம். அண்ணாமலை ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவள் தோளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்க் குனிந்து பார்த்தார்.

"மெல்லத் தொடை, சாமி," என்றார். "அதுக்கு நோவப்போவுது."